பயம் போன பிறகு

பக்கத்து இலையில் என்ன விழுகிறது என்று பார்க்காமல் அம்சவேணி எந்தப் பந்தியிலும் சாப்பிட்டதில்லை. அது அவளுக்குப் பிறவிக் குணம். சத்தியவேட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு பெண்களில் மூன்றாவதாகப் பிறந்தவள். அக்கா தலையில் பூ ஒரு கண்ணி கூடுதலாக இருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். தங்கையின் பாவாடைக் கரை தன்னுடையதைவிட ஒரு விரல் அகலம் என்று ஒரு பொங்கலை அழுதே கழித்திருக்கிறாள். "எல்லாருக்கும் கண்ணு மூஞ்சியில கீது, இவளுக்கு மட்டும் பக்கத்துல கீது" என்பாள் அவளைப் பெற்றவள்.

அதற்காகக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சித் தூக்கோடு முதலில் போய் நிற்பவள் அவள்தான். அதே வீட்டில் புது பீரோ வந்து இறங்கினால் மட்டும் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

நாகேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது வீட்டில் மாந்தோப்பும் கொஞ்சம் வேர்க்கடலை நிலமும் இருந்தன. அவன் அதிகம் பேசாதவன். சில வருஷம் கழித்து அவன் தம்பி வேங்கடாசலத்துக்குக் கல்யாணமாகி கோதை வந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது அம்சவேணியின் பெரிய எரிச்சல். கோதை திருப்பதியில் டிகிரி படித்தவள். குரல் உயர்த்தாமல் பேசுவாள். வேங்கடாசலத்துக்கு ரேணிகுண்டாவில் வொர்க்ஷாப் வேலை; குடித்தனம் திருப்பதி கொர்லகுண்டாவில். வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் வரும். தன் சட்டையைத் தானே துவைத்துக்கொள்ளும் புருஷன். வீட்டோடு ஒரு தையல் மெஷின் போட்டு ப்ளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத பிழைப்பு. அங்கே போய்விட்டு வரும் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்சவேணி வாயைத் திறக்காமல் வருவாள். நாகேந்திரனும் ஏன் என்று கேட்கமாட்டான்.

ஆனால் கோதையிடம் இல்லாத ஒன்று அம்சவேணியிடம் இருந்தது. தரணி. கோதைக்குக் குழந்தை இல்லை. பண்டிகைக்கு எல்லோரும் கூடும்போது அம்சவேணி மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தலை வாரிவிடுவாள், வேண்டுமென்றே நடுக்கூடத்தில், கோதையின் கண்ணில் படும்படி. வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

தரணி கொஞ்சம் பயந்த சுபாவம். பாலர் வகுப்பில் சேர்த்தபோது பள்ளிக்கூட வாசலில் அம்மாவின் முந்தானையைப் பிடித்தால் டீச்சர் வந்துதான் விரல்களைப் பிரிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை என்றால் வயிற்றுவலி. டாக்டரிடம் காட்டினால் வயிற்றில் ஒன்றுமில்லை என்பார். அம்சவேணி ஓமத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவாள். கொஞ்சம் வளர்ந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டாயிற்றா, அடுப்பை அணைத்தாயிற்றா, நைனா தோப்பிலிருந்து வந்தாயிற்றா என்று படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். பொறுப்பான பெண் என்று தெருவே மெச்சியது. வகுப்பில் எப்போதும் முதலிடம். பயம் இருந்தால்தான் படிப்பு வரும் என்று அம்சவேணி நம்பினாள். அந்தப் பயத்தைப் பெண்ணுக்கு வாய்த்த நகை மாதிரி நினைத்துப் பெருமைப்பட்டாள்.

மகள் கொஞ்சம் பெரியவளானதும் அம்சவேணி ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் பொருத்தும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியும்போது கம்பெனி பஸ் வரும். நீலக் கோட்டு, தலையில் குல்லா. ஷிஃப்ட் முடியும்வரை செல்போன் லாக்கரில் கிடக்க வேண்டும். அது அங்கே சட்டம்.

தரணி பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள். அங்கே பதினொன்றும் பன்னிரண்டும் இன்டர் என்று காலேஜில்தான் படிக்க வேண்டும். எதிர்வீட்டு அக்ஷயாவைத் திருப்பதியில் ஒரு பேர்பெற்ற காலேஜில், ஹாஸ்டலோடு சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அம்சவேணிக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம பொண்ணு அவளவிட மார்க்கு ஜாஸ்தி. நாம மட்டும் இன்னாத்துக்கு இங்கியே போடணும்?" என்றாள் நாகேந்திரனிடம்.

"புள்ள போறேன்னு சொல்லணுமில்ல."

"கேட்டா வேணான்னுதான் சொல்லுவா. போயிட்டா பழகிப்பா."

தரணி வேண்டாமென்று சொல்லவில்லை. சரி என்றாள். அவள் எதற்கும் சரி என்று சொல்கிறவள்.

ஹாஸ்டலில் வாராவாரம் டெஸ்ட். மார்க் வரிசைப்படி பெஞ்சு மாற்றி உட்கார வைப்பார்கள். ஊரில் முதலாக இருந்தவள் அங்கே நடுவில் எங்கோ இருந்தாள். டெஸ்ட்டுக்கு முதல்நாள் பழைய வயிற்றுவலி வந்தது. அப்புறம் எல்லா நாளும் வந்தது. தூக்கம் விலகிப்போனது. அதெல்லாம் அம்சவேணிக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் போனில் பேசும்போது "துன்னியா?" என்பாள். "துன்னேம்மா" என்று பதில் வரும். "படிச்சிக்கினு கீறியா?" "படிக்கறேம்மா."

ஒருநாள் தரணி வகுப்பில் மயங்கி விழுந்தாள். வார்டன் அம்மாவின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். போன் லாக்கரில் கிடந்தது. நாகேந்திரன் தோப்பில் மருந்து அடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவதாகக் கொடுத்திருந்த எண் கோதையுடையது. அவள் மெஷினிலிருந்து எழுந்து ஆட்டோ பிடித்துப் போய்ப் பெண்ணைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

அம்சவேணிக்குச் செய்தி ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் கிடைத்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் புத்தூர் வழியாகப் பஸ் மாறிப் போய் இறங்கினாள். கொர்லகுண்டா வீட்டின் கதவு திறந்திருந்தது. கோதை மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில், துணிக் குவியலில் தலைவைத்து, தரணி தூங்கிக்கொண்டிருந்தாள். மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, பெண் அசையவில்லை.

கோதை உதட்டில் விரல் வைத்து, "இப்பத்தான்கா தூங்கினா. மெஷின நிறுத்தினா எழுந்துக்கறா. அதான் வேலை இல்லன்னாலும் ஓட்டிக்கினு கீறேன்" என்று கிசுகிசுத்தாள்.

ஊசியில் நூல்கூட இல்லாததை அம்சவேணி பார்த்தாள். பெண் பிழைத்துக் கிடக்கிறாளே என்ற நிம்மதி முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிற்றுக்குள் மிளகாய் அரைத்துப் பூசியது போல ஒரு காந்தல் வந்தது. தன் பெண் தன்னிடம் அப்படி அசந்து தூங்கி எத்தனை காலமாயிற்று என்று அவளால் நினைவுபடுத்திப் பார்க்க முடியவில்லை.

காலேஜில் சொல்லிவிட்டுச் சில வாரம் தரணி கோதை வீட்டிலிருந்தே போய் வந்தாள். அம்சவேணி தினமும் ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்ததும் போன் போடுவாள். "நல்லாக் கீறேம்மா" என்று இரண்டு வார்த்தை. போனை வைக்கும் முன் பின்னால் கேட்கும் பேச்சும் தட்டுச் சத்தமும்தான் அவளுக்கு அன்றைய இரவு முழுக்க எரியப் போதுமான விறகு. ஒருநாள் கோதையே போனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். புள்ள ரொம்பப் பயந்துக்கினு கீறா. டெஸ்ட்டுன்னா கை நடுங்குது. தூங்காம படிக்கறா, படிச்சது நிக்கல, அதுக்காக அழறா. நான் எதுக்கும் லாயக்கில்ல சின்னம்மான்னு சொல்றா."

"உங்கிட்ட சொன்னாளா?"

"ஆமாக்கா."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே."

கோதை கொஞ்சம் தயங்கினாள். "பெரியாஸ்பத்திரில மனசுக்குப் பாக்கற டாக்டரு கீறாங்களாம். ஒருதபா காட்டலாமா?"

அம்சவேணி கேட்டது அந்தக் கடைசி வார்த்தைகளை அல்ல. "உங்கிட்ட சொன்னாளா" என்ற தன் கேள்விக்கு வந்த அந்த "ஆமாக்கா"விலேயே நின்றுவிட்டாள்.

"என் பொண்ணுக்குப் பைத்தியம்னு பேர் வாங்கிக் குடுக்கப் பாக்கறியா? நீ பாத்துக்கினது போதும். நான் வந்து இட்டுக்கினு போறேன்."

அப்படியே செய்தாள். "கொஞ்சநாள் ஊட்டுல இருந்துட்டு வரட்டும்" என்று காலேஜில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெண்ணின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். வாசலில் கோதை தரணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரணி அழவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "சரிம்மா" என்றாள்.

ஊருக்கு வந்த சில நாளிலேயே மாற்றம் தெரிந்தது. கை நடுக்கம் நின்றது. வயிற்றுவலி என்ற பேச்சே இல்லை. கதவுத் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கவில்லை. காலேஜைப் பற்றிக் கேட்கவில்லை. அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டால் எழுந்து வந்து தட்டில் இருக்கும் களியையும் கடலைச் சட்னியையும் கொஞ்சம் கிள்ளிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டாள். வீடு அமைதியாக இருந்தது. அம்சவேணிக்கு அந்த அமைதி தேனாக இனித்தது. பயம் போய்விட்டது! அம்மாவிடம் வந்ததும் போய்விட்டது! எந்த டாக்டரும் இல்லாமல், எந்தத் தையல் மெஷினும் இல்லாமல்.

உடனே கோதைக்குப் போன் போட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இப்ப பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. சொம்மா கம்முனு கீறா. பெத்தவகிட்ட இருந்தா வர்ற தெம்பே வேறதான்."

"நல்லதுக்கா" என்றாள் கோதை. "அவகிட்ட குடுங்களேன், ரெண்டு வார்த்த பேசறேன்."

போனைக் கொடுக்க மனசில்லை. ஆனாலும் ஜெயித்தவளின் தாராளத்தோடு கொடுத்தாள். தரணி போனைக் காதில் வைத்துக்கொண்டு "ம்" என்றாள். கொஞ்சம் விட்டு மறுபடியும் "ம்" என்றாள். பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டாள். சின்னம்மாவிடம்கூடப் பேச அவளுக்கு ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்து அம்சவேணி உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அது சந்தோஷப்படும் விஷயமில்லை என்பது அப்போது அவள் புத்திக்கு எட்டவில்லை.

நாகேந்திரன்தான் ஒருநாள் தோப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னான்: "புள்ள தலை குளிச்சி எத்தினி நாளாச்சி அம்சா? சிக்கு புடிச்சிப் போயி கீதே."

"ரெஸ்ட் எடுக்கறா. உடு."

"நான் காலைல போவும்போது படுத்துக்கினு இருக்கறா. வரும்போதும் அப்படியே கீறா. ரெஸ்ட்டுன்னா கொஞ்சம் தெளிஞ்சி வரணும்."

அம்சவேணி அவனை முறைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். பிறகு மகளுக்குத் தலைவாரிவிடும் ஆசையோடு சீப்பை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். தரணி எழுந்து உட்கார்ந்தாள். வாரும்போது சிக்கில் சீப்பு மாட்டி இழுத்தது. சாதாரணமாக வலித்தால் கத்துகிற பெண். இன்று தலை இழுத்த பக்கமே போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. அம்சவேணி சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோதை சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

போனில் கேட்ட அந்த இரண்டு "ம்"களும் கோதையை நிம்மதியாக விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றாள். கையில் பையோ பழமோ இல்லை. நேரே அறைக்குப் போய்த் தரணியின் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, இது பயம் போனது இல்ல. எங்க ஊட்டுல அழுதுக்கினாவது இருந்தா. இப்ப அழறதுக்குக்கூட இல்ல பாருங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட இட்டுக்கினு போலாம்."

"எங்க ஊட்டுல எங்க ஊட்டுலன்னு சொல்லாத" என்றாள் அம்சவேணி. எத்தனையோ வருஷமாக அடைத்து வைத்திருந்தது திறந்துகொண்டது. "உனக்கு எல்லாம் கீது. தண்ணி கீது, படிப்பு கீது, சொன்னத கேக்கற புருசன் கீறாரு. எனக்கு இவ ஒருத்திதான். அவளையும் புடுங்கிக்கினு போகப் பாக்கறே. ஒரு புள்ளைய பெத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

முற்றத்தில் நின்றிருந்த நாகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். கோதையின் கண் நிறைந்தது. ஆனால் அவள் எழுந்து போகவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அறை வாசலில் தரணி வந்து நின்றிருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோபமில்லாத, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் பேசினாள்.

"எனக்காகச் சண்ட போடாதீங்க. எனக்கு இங்கயும் இருக்கத் தோணல, அங்கயும் இருக்கத் தோணல. எங்கயுமே இருக்கத் தோணலம்மா."

அம்சவேணிக்கு முதலில் அது விளங்கவில்லை. கோதையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகு விளங்கியது. ஓடிப்போய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். எலும்பாகத் தட்டுப்பட்டாள். இன்னொரு பக்கத்திலிருந்து கோதையும் வந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருடைய கைகளும் பெண்ணின் முதுகில் ஒன்றின்மேல் ஒன்று பட்டன. அம்சவேணி தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மூன்று பெண்களும் நாகேந்திரனும் திருப்பதிக்குப் போனார்கள். பெரியாஸ்பத்திரியில் கூட்டம். டாக்டர் யாமினி வயதில் சின்னவர், நெல்லூர்ப் பக்கத்துக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். முதலில் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டார்.

"பாப்பாக்கு நித்ர எப்ப நின்னுச்சு?"

அம்சவேணி கோதையைத் திரும்பிப் பார்த்தாள். கோதைதான் சொன்னாள்: ஹாஸ்டலில் சேர்ந்து முதல் டெஸ்ட் முடிந்ததிலிருந்து, பாத்ரூம் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தது, சாப்பிட்டால் குமட்டியது, கூடப் படிக்கிறவர்களோடு பேசுவதை நிறுத்தியது. ஒவ்வொன்றும் அம்சவேணிக்கு ஒரு அறை மாதிரி விழுந்தது. இத்தனையும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"சின்ன வயசுல எப்படிம்மா?" என்று டாக்டர் அடுத்துக் கேட்டபோது கோதை வாயை மூடிக்கொண்டு அம்சவேணியைப் பார்த்தாள். அம்சவேணி சொன்னாள். முந்தானையைப் பிடித்த விரல்கள், திங்கட்கிழமை வயிற்றுவலி, ஓமத்தண்ணி, தாழ்ப்பாள், நைனா வந்தாச்சா என்ற கேள்வி. சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. இத்தனை வருஷமாகப் பொறுப்பு என்று அவள் பெயர் வைத்திருந்தது வேறு எதுவோ.

"அதெல்லாம் இப்ப போயிடுச்சி டாக்டரம்மா" என்றாள் கடைசியாக. "எங்கிட்ட வந்தப்புறம் பயம் போயிடுச்சி."

டாக்டர் தலையை ஆட்டினார். "போகல அம்மா. பயப்படறதுக்குக்கூட இப்ப அவளுக்குத் தெம்பு இல்ல."

பிறகு நிதானமாகச் சொன்னார். பயத்தில் தூக்கம் போயிற்று. தூங்காமல் படித்தது தலையில் ஏறவில்லை. ஏறவில்லை என்றதும் நான் எதற்கும் உதவாதவள் என்று நினைக்க ஆரம்பித்தாள். அப்படி நினைக்கிறவளுக்கு அடுத்த டெஸ்ட் இன்னும் பெரிய பயம். இப்படியே ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்து உடம்பும் மனசும் அசந்துபோயின. ஊருக்குப் போனதும் டெஸ்ட் இல்லை, ஆகவே பயம் அடங்கிற்று. ஆனால் சிநேகிதிகள் இல்லை, வேலை இல்லை, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லை. அதில் மீதியும் அணைந்துபோயிற்று.

"இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு பயம் தனி, சோர்வு தனின்னு பிரிக்க முடியாதும்மா. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கினு வரும். ஒண்ணு கண்ணுக்குத் தெரியலன்னா போயிடுச்சின்னு அர்த்தம் இல்ல. நாம எங்கயாவது ஒரு இடத்துல அவிழ்க்க ஆரம்பிக்கணும். மொதல்ல தூக்கம்."

நாகேந்திரனைப் பார்த்து, "இண்ட்லோ பூச்சிமருந்து கீதா?" என்று கேட்டார். வீட்டில் இருக்கிறதா என்றுதான். மாந்தோப்புக்காரன் வீட்டில் இல்லாமலா. அதையெல்லாம் இன்றைக்கே வீட்டை விட்டு வெளியே வைத்துப் பூட்டச் சொன்னார். பெண்ணைத் தனியாக விட வேண்டாம், அவள் சொன்ன வார்த்தையைப் பற்றி அவளிடம் கேட்கப் பயப்படவும் வேண்டாம் என்றார். அன்று சாயங்காலமே நாகேந்திரன் மருந்து டப்பாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சிநேகிதன் ரங்கையாவின் கிணற்று ஷெட்டில் வைத்துப் பூட்டினான்.

அதன்பிறகு வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரி. தரணி உள்ளே போவாள். அம்சவேணியும் கோதையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்குச் சொன்ன வார்த்தை இருவருக்கும் நடுவில் இன்னும் கிடந்தது. ஒருநாள் அம்சவேணி கதவையே பார்த்துக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"ஆமாக்கா" என்றாள் கோதை. பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது அம்சவேணிக்கு ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது.

முதல் சில வாரம் உள்ளேயிருந்து டாக்டரின் குரல் மட்டும்தான் கேட்டது. ஒரு தடவை தரணி சிரித்தாள். சின்னச் சிரிப்பு, மூக்கால் வருவது. எத்தனையோ மாதம் கழித்துக் கேட்ட அந்தச் சத்தத்தில் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த நொடியே அம்சவேணிக்குப் பழைய காந்தல்.

"நம்மகிட்ட சிரிக்கல பாரு" என்றாள்.

"நம்ம ரெண்டு பேரையும் ஓரங்கட்டிட்டா" என்றாள் கோதை. வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்ததைப் பார்த்து நர்ஸ் ஒருத்தி முறைத்துவிட்டுப் போனாள்.

தரணி ஒரே மூச்சில் தேறிவிடவில்லை. ஒருவாரம் தலைகுளித்து, தோப்புக்கு நைனாவோடு நடந்து போய்வருவாள். அடுத்த வாரம் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். தூக்கம்தான் முதலில் திரும்பியது. தூக்கம் வந்த பிறகு பசி வந்தது. பசி வந்ததும், ஆச்சரியம், பழைய பயங்களும் தலைகாட்டின. தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று ஒருநாள் கேட்டாள். அம்சவேணி கலங்கிப்போய் டாக்டரிடம் சொன்னாள். தெம்பு வர வர அது கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதற்குப் பயப்படாமல் அதைச் சமாளிக்கத்தான் சொல்லித் தருகிறேன் என்றார் டாக்டர்.

அந்த வருஷம் படிப்பு போயிற்று. அடுத்த வருஷம் சத்தியவேட்டிலேயே ஒரு காலேஜில் இன்டர் சேர்ந்தாள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தாள். எதிர்வீட்டு அக்ஷயா லீவில் வந்து நின்றபோது, அவள் மார்க்கைப் பற்றி அவளுடைய அம்மா தெருவில் நின்று பேசியபோது, அம்சவேணி உள்ளே போய் மிக்ஸியை ஓடவிட்டாள். அரைக்க ஒன்றுமில்லை. அந்தப் பேச்சு காதில் விழாமல் இருந்தால் போதும்.

சனிக்கிழமை தோறும் ஆஸ்பத்திரி முடிந்து தரணி கோதை வீட்டில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருவாள். விட்டுவிட்டு வரும் பஸ்ஸில் அம்சவேணி ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னும் வாயைத் திறக்காமல்தான் வருகிறாள். எரிச்சல் போய்விட்டது என்று யாரிடமும் சொல்லமாட்டாள். எரிகிறபோதே கொண்டுபோய் விட்டுவிட்டு வரக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆனால் ஒருநாள் பொறுக்கவில்லை. தரணி குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் கட்டிலில் கிடந்தது. சின்னம்மாவோடு அப்படி என்னதான் மெசேஜில் பேசுகிறாள் என்று எடுத்துப் பார்த்தாள். பூட்டு எண் தெரியும். அம்மாவின் பிறந்தநாளைத்தான் பெண் வைத்திருந்தாள். நாலைந்து வரி படிப்பதற்குள் தரணி ஈரத் தலையோடு வந்துவிட்டாள்.

"இன்னாம்மா பண்றே? குடு! குடு சொல்றேன்!"

அப்படி ஒரு கத்தல். அவள் கை பட்டு ஜன்னலோரம் இருந்த டம்ளர் தரையில் உருண்டது. "எனக்குன்னு ஒண்ணு இருக்கக் கூடாதா? கேக்கணும்னா எங்கிட்ட கேளு! திருட்டுத்தனமா படிக்காத!"

தெருவில் போன செல்லியம்மா நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அம்சவேணி போனை நீட்டினாள். அவமானமாக இருந்தது. கூடவே, அடிவயிற்றிலிருந்து ஏதோ லேசாகிக்கொண்டு வந்தது. தலையை இழுத்தால் இழுத்த பக்கம் போன பெண், இன்று மூச்சு வாங்க, கண் சிவக்க, தன்னை எதிர்த்து நிற்கிறாள்.

"சரி, கேக்கறேன்" என்றாள் மெதுவாக. "சொல்லுவியா?"

"இன்னா?"

"என்னவிட அவளத்தான் உனக்குப் புடிக்குமா?"

தரணி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். கோபம் இறங்கிக்கொண்டு வந்தது.

"அது இல்லம்மா. சின்னம்மாகிட்ட சொன்னா அவங்க கேட்டுக்கினு மெஷினை ஓட்டிக்கினு இருப்பாங்க. உங்கிட்ட சொன்னா நீ ஒடஞ்சி பூடுவேன்னு பயம். சின்னதுலேருந்தே அந்தப் பயம்தான் பெருசு."

அம்சவேணி கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்போது அழுதால் பெண் சொன்னது மெய்யாகிவிடும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒடைய மாட்டேன். சொல்லிப் பாரு" என்றாள்.

தரணி எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. ஹாஸ்டலில் தான் பின்பெஞ்சுக்கு இறங்கியதைப் பார்த்து ஒரு பெண் சிரித்ததைப் பற்றி மட்டும் சொன்னாள். அவள் பேர் காவ்யா. அம்சவேணி ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். அந்தக் காவ்யாவைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கோதைக்குப் போன் போட்டாள்.

"கோதை, இன்னிக்கி எங்கிட்ட எப்படிக் கத்தினா தெரியுமா? டம்ளரெல்லாம் பறந்துச்சி. தெருவே நின்னு பாத்துச்சி."

"ஐயோ, எதுக்குக்கா?"

"அத உடு. உங்கிட்ட அப்படிக் கத்தியிருக்கறாளா?"

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

"இல்லக்கா" என்றாள் கோதை. "எங்கிட்ட ஒருநாளும் கத்தினதில்ல. எப்பவும் சரி சின்னம்மா, சரி சின்னம்மாதான்."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று அம்சவேணிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து தான் கூடவே வளர்த்து வரும் அதே காந்தல். அடையாளம் தெரியாமல் போகுமா. ஒருகணம் அதை ருசித்துப் பார்த்தாள். பிறகு பாவமாகவும் இருந்தது.

"சனிக்கிழம வருவா இல்ல" என்றாள். "உங்கிட்டயும் ஒருதபா கத்திட்டு வரச் சொல்றேன்."